கடலூரில் குடியிருந்து பாண்டியில் பழைய செடான் வாங்குகிறவர்களுக்கு

பாண்டி எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் பெட்ரோல் விலை குறையும் என்பது கடலூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே இடத்தைத் தாண்டி ஒரு பழைய கார் நம் பக்கம் வந்தால் என்னென்ன மாறும் என்பது எனக்கு முன்பணம் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. 2018 மாடல் பெட்ரோல் செடான், பிஒய் 01 பதிவெண், ஆறு லட்சத்து முப்பதாயிரம். காரில் பெரிய குறை இல்லை. ஆனால் ஆர்.சி.யில் என் பெயர் ஏற ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதத்தில் எத்தனை நாள் லீவு போட்டேன், எத்தனை தடவை ரெட்டிச்சாவடி வழியாகப் போய் வந்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. அடுத்து வாங்குகிறவர் இப்படி அலையக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. யாருக்காக வாங்குகிறீர்கள்?

சொகுசும் வேண்டும், கொடுத்த காசுக்கு மதிப்பும் வேண்டும் என்றால், பழைய மார்க்கெட்டில் நடுத்தர செடானை மிஞ்சியது இல்லை என்பது என் கருத்து. எல்லோரும் எஸ்.யூ.வி. பக்கம் போய்விட்டதால் நல்ல செடான்கள் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. ஹோண்டா சிட்டி, மாருதி சியாஸ், ஹூண்டாய் வெர்னா, டொயோட்டா யாரிஸ், ஃபோக்ஸ்வேகன் வென்டோ, ஸ்கோடா ராபிட் ஆகியவைதான் நம் ஊரில் அதிகம் கைமாறுகிறவை. 2014-ல் வந்த நாலாம் தலைமுறை சிட்டிக்கும் அதே ஆண்டு வந்த சியாஸுக்கும் டிக்கி 510 லிட்டர். நாலு பேர் திருநள்ளாறு போய் ஒரு ராத்திரி தங்கி வர அது தாராளம். பின்சீட்டில் கால் நீட்ட சியாஸ்.

ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் ஒரு எச்சரிக்கை. வென்டோ, ராபிட் கார்களில் வந்த ஏழு கியர் டி.எஸ்.ஜி. (இரண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக்) கியர் பெட்டி ஓட்ட இனிமையானது, பழுதானால் செலவு பெரியது. முழு சர்வீஸ் ரெக்கார்டு இல்லாத டி.எஸ்.ஜி. வண்டியைத் தொடாதீர்கள்.

காரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் முழங்கால் வலி உள்ளவர் யாரோ அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் அம்மாவை அழைத்துப் போனேன். ஒரு காரில் பின்சீட்டில் உட்கார்ந்தவர் எழும்போது கதவுத் தூணைப் பிடித்து மூன்று தடவை முயன்றார். “தாழ இருக்குப்பா” என்றார். அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டேன். விலையும் நிறமும் எனக்குப் பிடித்திருந்தன, ஆனால் அதில் வாரா வாரம் ஏறி இறங்கப் போவது அவர்தான்.

2. இரண்டு கதவு கார் (கூபே), கூரை மடங்கும் கார் (கன்வெர்டிபிள்)

ஈ.சி.ஆரில் கூரையைத் திறந்துகொண்டு போகும் ஆசை எனக்கும் இருந்தது. ஆடி ஏ3 கேப்ரியோலே, பென்ஸ் சி கிளாஸ் கேப்ரியோலே, மினி கன்வெர்டிபிள் போன்றவை இந்தியாவில் விற்கப்பட்டவை. பழையதாக வரும்போது விலை பாதிக்கும் கீழே இறங்கி நிற்கும். அந்த விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். நம் கடற்கரையில் உப்புக் காற்றும் வெயிலும் துணிக் கூரையையும் அதன் ரப்பர் பட்டைகளையும் சும்மா விடாது. கூரை ஓரத்தில் மழைநீர் வடிய சின்னக் குழாய்கள் இருக்கும். வேப்பஞ்சருகு போய் அடைத்தால் தண்ணீர் சீட்டுக்கு அடியில் இறங்கும். உதிரி பாகத்துக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் வாங்குவதாக இருந்தால், கூரையை ஐந்து முறை திறந்து மூடிப் பாருங்கள். நடுவில் தயங்கினாலோ மோட்டார் முனகினாலோ வேண்டாம். மூடிய கூரை மேல் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி, பத்து நிமிடம் கழித்துத் தரைக் கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். கீழே பேப்பர் பற்றிச் சொல்லியிருப்பதெல்லாம் இந்தக் கார்களுக்கு இரண்டு மடங்கு பொருந்தும். காரணம் அங்கே வரும்.

3. பதிவெண்ணை முதலில் முடிவு செய்யுங்கள்

நான் செய்த முதல் தவறு இதுதான். காரைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் பதிவெண்ணைப் பற்றி யோசித்தேன்.

டிஎன் 31 கடலூர், டிஎன் 32 விழுப்புரம், டிஎன் 91 சிதம்பரம். இவற்றில் எதை வாங்கினாலும் பெயர் மாற்றம் மட்டும்தான், ஆயுள் வரி மறுபடி இல்லை. பிஒய் வண்டி என்றால் கதை வேறு. புதுச்சேரியில் சாலை வரி குறைவு, அதனால் அங்கே காரும் மலிவாகத் தெரியும். மோட்டார் வாகனச் சட்டப்படி வேறு மாநிலப் பதிவெண் உள்ள வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே புதுப் பதிவெண் வாங்கியாக வேண்டும். அந்தப் பதிவெண் வாங்கும்போது தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்ட வேண்டும். காரின் அசல் விலையையும் வயதையும் வைத்து அது கணக்கிடப்படும். நான் கட்டிய தொகை, டயர், பேட்டரி, ஏசி வேலை மூன்றையும் சேர்த்த செலவைவிட அதிகம்.

ஆகவே பிஒய் வண்டியின் விலையோடு அந்த வரியைக் கூட்டி, அதே மாடல் டிஎன் வண்டியின் விலையோடு ஒப்பிடுங்கள். அசல் இன்வாய்ஸ் நகலை விற்பவரிடம் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரி எவ்வளவு வரும் என்று கேட்ட பிறகே விலை பேசுங்கள். முதல் மாநிலத்தில் கட்டிய வரியில் மீதி திரும்பி வரும் என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு புரோக்கர் வருவார். “சார், பாண்டி அட்ரஸ்ல ஒரு வாடகை அக்ரிமென்ட் போட்டுடலாம், டிஎன் டேக்ஸே வேணாம்” என்பார். கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். குடியிருக்காத முகவரியில் பதிவு செய்வது பொய் ஆவணம். 2017-ல் கேரளத்தில் இதே மாதிரி புதுச்சேரி முகவரி காட்டிப் பதிவு செய்த சொகுசுக் கார்கள் மீது வழக்குப் போட்டார்கள். கூபே, கன்வெர்டிபிள் தேடுகிறவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். விலை உயர்ந்த கார்களில்தான் இந்த வேலை அதிகம் நடந்தது. ஆர்.சி.யில் உள்ள புதுச்சேரி முகவரியில் அந்த மனிதர் உண்மையில் இருந்தாரா என்று விசாரியுங்கள்.

டெல்லிப் பதிவெண் டீசல் செடான்கள் மலிவாக வருவதற்கும் ஒரு காரணம் உண்டு. அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்குத் தடை இருந்தது, 2025-ல் உச்ச நீதிமன்றம் அதை ஓரளவு தளர்த்தியது. இங்கே கொண்டுவந்தால் வரி, பதிவு எல்லாம் புதிதாக. பல மாநிலம் தாண்டி என்.ஓ.சி.க்கு (ஆட்சேபனை இல்லைச் சான்றுக்கு) அலைய உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

வண்டி நம்பரைக் கேட்டு வாங்கி எம்பரிவாகன் செயலியில் போடுங்கள். பார்க்க வேண்டியவை: எத்தனையாவது ஓனர், முதல் பதிவுத் தேதி, இன்சூரன்ஸ் முடியும் தேதி, ஃபைனான்ஸ் உள்ளதா, பிளாக்லிஸ்ட் ஆகியிருக்கிறதா. இ-சலான் பக்கத்தில் கட்டாத அபராதம் பாருங்கள். திருட்டு வண்டியா என்று பார்க்க தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் சேஸிஸ் நம்பரைக் கொடுத்துச் சான்று எடுக்கலாம்.

ஃபைனான்ஸ் உள்ளதா என்ற இடத்தை இரண்டு முறை படியுங்கள். எனக்கு விற்ற டீலர் “லோன் முடிஞ்சிடுச்சு, பேப்பர் கிளியர்” என்றார். லோன் முடிந்தது உண்மைதான், பேங்க் கடிதமும் இருந்தது. ஆனால் ஆர்.சி.யில் எச்.பி. (கடன் கொடுத்த பேங்கின் உரிமைப் பதிவு) கேன்சல் ஆகவில்லை. பேங்க் கொடுத்த கடிதம் காலாவதி ஆகியிருந்தது. காரின் ஓனர் வெளிநாட்டில். புதுக் கடிதத்துக்கு அவர்தான் எழுத வேண்டும், ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஓ.டி.பி. அவருடைய பழைய இந்திய நம்பருக்குப் போகிறது, அந்த நம்பரை அவர் விட்டுவிட்டார். ஐந்து மாதத்தில் மூன்று மாதம் இதற்கே போனது.

எச்.பி. உள்ள வண்டி என்றால், படிவம் 35 போட்டு ஆர்.சி.யில் பேங்கின் பெயர் நீங்கிய பிறகு மட்டும் முழுப் பணம் கொடுங்கள். ஆர்.சி.யில் இணைத்த செல் நம்பர் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதை முதல் போனிலேயே கேளுங்கள்.

5. தண்ணீரில் நின்ற வண்டியா?

நம் பகுதியில் இதுதான் பெரிய ஆபத்து. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணைக் கரையோரக் கடலூரும் மூழ்கியது. அந்த வண்டிகள் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை. கழுவி, பாலிஷ் போட்டு, சீட் கவர் மாற்றி விற்பனைக்கு வருகின்றன.

பார்க்கும் முறை இது. முன்சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெளியே தெரியும் பாகம் பளிச்சென்று இருக்கும், உள்ளே சுருண்டிருக்கும் கடைசி ஒரு முழத்தில்தான் உண்மை தெரியும். நான் பார்த்த ஒரு வெள்ளைக் காரில் அந்தக் கடைசி முழம் தேநீர் கொட்டிக் காய்ந்த மாதிரி பழுப்பாக இருந்தது, குறுக்கே ஒரு கோடு. தண்ணீர் நின்ற மட்டம் அது. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினேன். குழியின் ஓரத்தில் வண்டல் காய்ந்து, விரலால் தொட்டால் மாவு மாதிரி ஒட்டியது. விற்றவர் “பீச்சுக்குப் போனப்ப மணல் விழுந்திருக்கும்” என்றார். தேவனாம்பட்டினம் பீச் மணல் கொரகொரவென்று இருக்கும். இது ஆற்று வண்டல்.

சீட்டைத் தாங்கும் தண்டவாளத்தின் போல்ட், டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள இரும்புப் பட்டை ஆகிய இரண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஏழு வருட வண்டியில் கதவுக் கீழ்விளிம்பில் லேசான துரு நம் ஊரில் சகஜம். காருக்குள்ளே துரு சகஜம் கிடையாது. ஏசியைப் போட்டு, கண்ணாடி ஏற்றி, பத்து நிமிடம் உட்காருங்கள். கனத்த சென்ட் வாசனை அடித்தால் எதை மறைக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

பலர் கவனிக்காத ஒரு சான்று இன்சூரன்ஸ் பாலிசியில் இருக்கிறது. கிளெய்ம் எடுக்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் ‘நோ கிளெய்ம் போனஸ்’ 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். ஒரே ஓனர், ஆறு வருட வண்டி, 2025 பாலிசியில் போனஸ் பூஜ்யம் என்றால் அதற்கு முந்தைய வருடம் கிளெய்ம் எடுத்திருக்கிறார் அல்லது பாலிசியை விட்டுவிட்டிருக்கிறார். எது என்று கேளுங்கள், காகிதத்தோடு பதில் வாங்குங்கள்.

6. மெக்கானிக்கோடு ஓட்டிப் பார்ப்பது

உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். டீலர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். நான் அரை நாளுக்கு இரண்டாயிரம் கொடுத்தேன், மொத்தச் செலவில் மிகப் பயனுள்ள இரண்டாயிரம் அது.

காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். “சார் வருவீங்கன்னு ஸ்டார்ட் பண்ணி வெச்சேன்” என்றால் மறுநாள் வருவதாகச் சொல்லுங்கள். முதல் ஸ்டார்ட்டில் வரும் சத்தமும் புகையும் சூடான இன்ஜினில் தெரியாது. ஏசியை மட்டும் மத்தியான வெயிலில் சோதிக்க வேண்டும்.

ஓட்டுவதற்கு இரண்டு விதமான சாலை தேவை. முதலில் குண்டும் குழியுமான உள்தெரு. ‘டொக் டொக்’ என்று அடியில் கேட்டால் லோயர் ஆர்ம் புஷ்ஷோ ஷாக் அப்சார்பரோ போயிருக்கும். அடுத்து விழுப்புரம் - நாகப்பட்டினம் நான்குவழிச் சாலையில் எண்பதில் போங்கள். ஸ்டீயரிங் ஆடக்கூடாது, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கக்கூடாது.

மீட்டரை நம்பாதீர்கள். நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று காட்டும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரைக் குறைத்திருக்கிறார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் ஹிஸ்டரி எடுத்துத் தரச் சொல்லி ஓனரிடமே கேளுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டர் எழுதியிருக்கும். டயர் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரம் தயாரித்தது. பட்டன் (தரையைப் பிடிக்கும் மேல் வரிப்பள்ளம்) நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயருக்கு விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

2023 ஏப்ரலுக்கு முந்தைய பெட்ரோல் வண்டி பெரும்பாலும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கென்று செய்யப்பட்டதாக இருக்காது. ஃபியூவல் பைப்புகளையும் ரப்பர் சீல்களையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

7. விலை

2025 செப்டம்பர் 22 முதல் புதுக் கார்களின் ஜி.எஸ்.டி. குறைந்தது. நடுத்தர செடானுக்கு முன்பு செஸ்ஸோடு சேர்த்து 45 சதவீதம், இப்போது 40. புதுசு விலை இறங்கினால் பழசும் இறங்க வேண்டும். அதற்கு முந்தைய விலையைச் சொல்லி யாராவது பிடிவாதம் பிடித்தால் இதை நினைவுபடுத்துங்கள். டீலர் “ஜி.எஸ்.டி. தனி” என்று முழு விலைக்கும் 18 சதவீதம் கேட்டால் கொடுக்காதீர்கள். பழைய காரில் அது டீலருடைய லாபத் தொகைக்கு மட்டும்தான். ஓனரிடம் நேரடியாக வாங்கினால் ஜி.எஸ்.டி.யே இல்லை.

பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கை வாங்கிய பின் வரும் செலவுகளுக்கு முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு மீதிக்குக் கார் பாருங்கள். டோக்கன் அட்வான்ஸ் பத்தாயிரத்துக்கு மேல் வேண்டாம், அதற்கும் ரசீது, ‘பேப்பர் சரியில்லை என்றால் திருப்பித் தரப்படும்’ என்ற வரியோடு. மீதிப் பணத்தை பேங்க் வழியாக மட்டும் அனுப்புங்கள். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு.

8. பேப்பர் வேலை, வரிசையாக

பணம் கொடுக்கும் நாளில் கையில் இருக்க வேண்டியவை: ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், மாசுச் சான்று, அசல் இன்வாய்ஸ், இரண்டு சாவி, விற்பவரின் ஆதார் மற்றும் பான் நகல், படிவம் 29 (விற்றதைத் தெரிவிப்பது) இரண்டு பிரதி, படிவம் 30 (பெயர் மாற்ற விண்ணப்பம்). பிஒய் வண்டி கடலூருக்கு வருகிறது என்றால் கூடவே படிவம் 28 (என்.ஓ.சி. விண்ணப்பம்), அதில் சேஸிஸ் நம்பரின் பென்சில் பிரிண்ட் (நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பது). இதை வண்டி பார்க்கும்போதே எடுத்து ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். படிவங்களில் தேதி இல்லாமல் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் மார்க்கெட்டில் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள்.

டெலிவரி நோட் ஒன்று எழுதுங்கள். தேதியும் நேரமும் கிலோமீட்டரும் அதில் இருக்கட்டும். அந்த நிமிடத்துக்கு முந்தைய சலானும் வழக்கும் விற்றவருடையவை.

டீலரிடம் வாங்குகிறவர்கள் ஒன்று கேளுங்கள்: “படிவம் 29சி போட்டீங்களா?” 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதி இது. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் ஓனர் வண்டியை ஒப்படைத்ததை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கும் படிவம். அது பதிவாகியிருந்தால் டீலரே என்.ஓ.சி.க்கும் பெயர் மாற்றத்துக்கும் விண்ணப்பிக்கலாம், வெளிநாட்டு ஓனரைத் தேட வேண்டியதில்லை. எனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் மூன்று மாதம் மிச்சம்.

பிஒய்யிலிருந்து டிஎன்னுக்கு வரும் வரிசை இப்படி. முதலில் எச்.பி. இருந்தால் நீக்க வேண்டும். அடுத்து புதுச்சேரிப் போக்குவரத்துத் துறையில் என்.ஓ.சி., ‘கடலூருக்கு’ என்று அலுவலகத்தின் பெயர் சரியாக இருக்கட்டும். பிறகு கடலூரில் வரி, புதுப் பதிவெண்ணுக்குப் படிவம் 27, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 30. வண்டியை நேரில் காட்ட வேண்டும். கடைசியில் புது நம்பர் பிளேட். காருக்குப் பதிவுக் கட்டணம் 600, பெயர் மாற்றத்துக்கு 300, கார்டுக்கு 200 ரூபாய். மாநிலச் சேவைக் கட்டணம் தனி. வரியைத் தவிர கடலூரில் அரசுக்குக் கட்டும் முக்கியக் கட்டணங்கள் இவைதான். புரோக்கர் சொல்லும் தொகையை இதோடு வைத்துப் பாருங்கள்.

வாங்கிய முப்பது நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும். விற்கிறவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொன்னது. தயங்கும் ஓனரிடம் இதைச் சொன்னால் ஓ.டி.பி. உடனே வரும்.

9. இன்சூரன்ஸ்

வாங்கிய பதினான்கு நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். ஆர்.சி. மாறட்டும் என்று காத்திருந்து இதைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். விட்டால் உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்குக் கிளெய்ம் கிடைக்காமல் போகும். நோ கிளெய்ம் போனஸ் ஆளுக்கு உரியது, காருக்கு இல்லை. விற்றவரின் 50 சதவீதம் உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும். கடலூரிலோ பாண்டியிலோ இருப்பவர்கள் இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் புகுந்த இன்ஜினுக்குச் சாதாரண பாலிசி பெரும்பாலும் பணம் தராது.

10. முதல் வாரம்

இன்ஜின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ‘போன மாசம்தான் மாத்தினது’ என்று சொல்லியிருந்தாலும் மாற்றுங்கள். அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவி, காய்ந்த பிறகு துரு தடுப்புக் கோட்டிங் கொடுங்கள். சில்வர் பீச் பக்கம் குடியிருப்பவர்கள் மாதம் ஒரு முறையாவது அடியைக் கழுவ வேண்டும்.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கைப் பழைய ஓனரைக் கேட்டு ரத்து செய்யச் சொல்லுங்கள். ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான், அவருடையது உயிரோடு இருக்கும்வரை உங்களுக்குப் புதிது தர மாட்டார்கள். புது டிஎன் நம்பர் வந்த பிறகு டேக் எடுத்தால் ஒரே வேலையாக முடியும். அதுவரை டோல்கேட்டில் அவர் கணக்கில் பணம் பிடித்தால் அன்றைக்கே அவருக்கு அனுப்பிவிடுங்கள், அடுத்த ஓ.டி.பி.க்கும் அவரைத்தான் கூப்பிட வேண்டும்.